ராத்திரி 2 மணிக்கு டென்ட்டுக்குள்ள தண்ணி, ஆனா ஓத அட்டவணைல (கடல் எப்ப ஏறும், எப்ப எறங்கும்னு சொல்றது) அந்நேரம் வத்தம்னு, அதாவது தண்ணி நல்லா எறங்கியிருக்கும்னு போட்டிருக்கு. எப்படிங்க?

ஈயக்குண்டு:
எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும் போயிட்டு இருந்தேன், இப்ப ஒரு சந்தேகம் மண்டைய கொடையுது, அதான் எழுதுறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கங்க.

கடலோர ஏரி ஒண்ணுல மூணு ராத்திரி டென்ட் போட்டு தூண்டில் போடலாம்னு போனோம். ஏரின்னு பேரு, ஆனா கடலுக்கும் அதுக்கும் நடுவுல ஒரு மணல் திட்டுதான், அதுல ஒரு எடத்துல முகத்துவாரம் தொறந்து கெடக்கு. வடக்கு தெக்கா 15 கிலோமீட்டர் நீளம், ஆழம்னு பாத்தா பெரும்பாலும் இடுப்புல இருந்து நெஞ்சு வரைக்கும்தான். சுத்தி வீடு வாசல் ஒண்ணும் இல்ல, நாணலும் சேறும் பறவையும்தான்.

மொத நாள் சுத்தமா ஒண்ணும் கடிக்கல. கடிச்சது ஒரே ஒரு இருங்கெளுத்தி, அதுவும் கொக்கி கழட்டறப்ப கைல முள்ள எறக்கிட்டு போயிடுச்சு. ரெண்டாவது நாள் சாயங்காலம் ஒரு ஓடை ஏரில வந்து சேர்ற எடத்துல மடவைக் குஞ்ச உயிரோட கோத்து போட்டேன், ஒரு கொடுவா, 86 செ.மீ. அது தனிக் கதை.

விஷயம் என்னன்னா அன்னிக்கு ராத்திரிதான். டென்ட்ட தெக்குக் கரைல போட்டிருந்தோம், தண்ணி ஓரத்துல இருந்து நல்லா இருவது அடி தள்ளி. மொத ராத்திரி அதே எடத்துலதான் படுத்தோம், ஒரு பிரச்சனையும் இல்ல. ரெண்டாவது ராத்திரி 10 மணி வாக்குல வடக்குக் காத்து புடிச்சுது, டென்ட் படபடன்னு அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. 2 மணி சுமாருக்கு முதுகு ஜில்லுனு இருக்கேன்னு கைய வெச்சா பாய்க்கு அடில தண்ணி, எந்திரிச்சு டார்ச் அடிச்சா கணுக்கால் அளவு, செருப்பு மெதக்குது. ஓத அட்டவணைய அப்பவே போன்ல பாத்தேன், கடல்ல 2:10-க்கு வத்தம்னு போட்டிருக்கு. வத்தத்துல எப்படிங்க தண்ணி ஏறும்? கூட வந்தவன் பேயின்னுட்டான்.

நண்டுக்கால்:
வாங்க ஈயக்குண்டு. பேயெல்லாம் இல்லீங்க, அட்டவணைய தப்பா படிச்சிருக்கீங்க. அதுல போட்டிருக்கறது கடலுக்கு. கடல்ல வத்தம்னா ஏரிக்குள்ளயும் அதே நிமிஷம் வத்தம்னு இல்ல. முகத்துவாரம் ஒரு குறுகலான வாய், அது வழியாதான் அம்புட்டு தண்ணியும் உள்ள வரணும் வெளிய போகணும், அதனால உள்ள எப்பவும் லேட்டு. வாய்லருந்து தூரம் போகப் போக ஒரு மணி, ரெண்டு மணி, இன்னும் மேலயே பிந்தும். கடல் எறங்க ஆரம்பிச்சப்பறமும் உள்ள ஏறிக்கிட்டே இருக்கும். நானே ஒரு தரம் வாய்கிட்ட நின்னு பாத்துருக்கேன், கடல் பக்கம் அலை பின்வாங்கி மணல் தெரியுது, தண்ணி என்னமோ இன்னும் உள்ள ஓடிக்கிட்டு இருக்கு.

அடுத்தது, ஒவ்வொரு நாளும் ஓதம் கிட்டத்தட்ட 50 நிமிஷம் தள்ளிப் போகும். நேத்து 2 மணிக்கு வரலைங்கறதுக்காக இன்னிக்கும் வராதுன்னு அர்த்தம் இல்ல. அமாவாசை பௌர்ணமி பக்கமா போயிருந்தா இன்னும் கூடுதலா ஏறும்.

மடவைமன்னன்:
86 செ.மீ. கொடுவாவா. போட்டோ எங்க? போட்டோ இல்லாத மீனெல்லாம் இங்க ஒரு அடி கொறச்சுதான் எடுத்துக்குவோம் 😄

ஈயக்குண்டு:
நண்டுக்கால் அண்ணே, நீங்க சொல்ற லேட்டு சங்கதி எனக்கு தெரியாது, நன்றி. ஆனா ஒரு சிக்கல். போன அன்னிக்கே தண்ணி ஓரத்துல ஒரு குச்சிய நட்டு பிளேடால கோடு போட்டு வெச்சேன், எங்கப்பா சொல்லிக் குடுத்த பழக்கம். ரெண்டு நாள் பாத்ததுல ஏத்தத்துக்கும் வத்தத்துக்கும் வித்தியாசம் மொத்தமே நாலு விரக்கட. அது லேட்டா வந்தாலும் நாலு விரக்கடதானே வரணும்? ராத்திரி வந்தது அந்தக் குச்சிக்கு மேல ஒரு சாண் இருக்கும். குச்சியே முழுகிடுச்சு.

@மடவைமன்னன் போன் நனைஞ்சு போச்சு தல, நம்பினா நம்புங்க. ராடுல அளவு மார்க் பண்ணி வெச்சிருக்கேன், அத வெச்சு அளந்தேன். விட்டுட்டேன் திரும்ப.

மடவைமன்னன்:
விட்டுட்டியா??? யோவ்.

சுழியன்:
குச்சி நட்டு வெச்சீங்க பாருங்க, அதுக்கே ஒரு சபாஷ். பாதிப் பேரு அதக்கூட செய்யறதில்ல.

நாலு விரக்கடதான் ஓதம்னா ஓதத்த விடுங்க, அது இல்ல. என்னோட சந்தேகம் மேல மழை. ஏரிக்கு ஆத்துத் தண்ணி எங்கயாச்சும் வருதா? 50 கிலோமீட்டர் மேல கொட்டுன மழை உங்களுக்கு தெரியாமயே வந்து சேரும், அங்க வானம் தெளிவா நட்சத்திரம் தெரிஞ்சுக்கிட்டு இருக்கும். இல்ல மேல இருக்கற அணைல கதவ தொறந்துருப்பாங்க. முகத்துவாரம் சின்னதுன்னா வந்த தண்ணி வெளிய போக முடியாம ஏரி முழுக்க ஏறி நிக்கும். சில ஏரில மணல் அடைச்சு வாயே மூடிக்கும், அப்ப ஏரி வாரக்கணக்குல மெல்ல மெல்ல ஏறி ஒரு நாள் தானே ஒடச்சுக்கிட்டு ஓடும், அந்த நேரத்துல வாய்கிட்ட நின்னா ஆளையே இழுத்துட்டு போயிடும்.

மூணு கேள்வி: தண்ணி என்ன கலரு? வாய்ல வெச்சு பாத்தீங்களா, உப்பா சப்பையா? குப்பை, ஆகாயத்தாமரை ஏதாச்சும் மெதந்து வந்துச்சா?

ஈயக்குண்டு:
வாய்ல வெச்சு பாக்கல, ஆனா டென்ட்டுக்குள்ள வந்ததுல முழிக்கறப்பவே வாய்க்குள்ள போயிடுச்சு 😂 நல்ல உப்பு. முந்தின நாள் இருந்த அதே உப்பு. கலரு கொஞ்சம் கலங்கல், கரைச்சேறு கலங்குன மாதிரி, ஆத்துச் செகப்பு இல்ல. தாமரை கீமரை ஒண்ணும் வரல.

இன்னொண்ணு, இது முக்கியமான்னு தெரியல. எங்க கூட வந்த தம்பி ஒருத்தன் நண்டு புடிக்கறேன்னு வடக்குக் கோடில தனியா கேம்ப் போட்டிருந்தான். விடியக்காலைல போன் அடிச்சான் (என் போன் இல்ல, இன்னொருத்தன் போனுக்கு). தண்ணி வந்துருச்சான்னு கேக்கலாம்னு நெனச்சா அவன் சொல்றான், "அண்ணே, ஏரிய காணோம்"னு. படகு சேத்துல ஒக்காந்துருக்காம், தண்ணி எங்கயோ நூறடி தள்ளி இருக்காம்.

அலைக்கோடு:
முக்கியமான்னு தெரியலையா! அதுதாங்க மொத்த விடையே. அத முதல்ல சொல்லியிருந்தா மூணு பேரு டைப் பண்ண வேலை மிச்சம்.

ஆறோ ஓதமோ ஏத்திச்சுன்னா ரெண்டு கோடிலயும் ஏத்தியிருக்கும். ஒரு கோடில ஏறி இன்னொரு கோடில எறங்குச்சுன்னா ஏரிக்கு புதுசா தண்ணி வரல, இருந்த தண்ணிதான் ஒரு பக்கமா சாஞ்சுருக்கு. சாச்சது காத்து. நீங்களே எழுதியிருக்கீங்க, 10 மணில இருந்து வடக்குக் காத்துன்னு. வடக்குக் காத்து தண்ணிய தெக்க தள்ளும், நீங்க படுத்திருந்தது தெக்குக் கரை, தம்பி படுத்திருந்தது வடக்கு. தாம்பாளத்துல தண்ணி வெச்சு ஒரு ஓரமா ஊதிப் பாருங்க, அதேதான்.

எல்லா ஏரிலயும் இது இவ்வளவு தெரியாது. ஆழமான ஏரில மேல தள்ளுன தண்ணி அடி வழியா திரும்பி வந்துரும், சாய்வு கொஞ்சந்தான் இருக்கும். உங்க ஏரி மாதிரி இடுப்பளவு ஏரில அடில வழி கெடையாது. ஆழம் பாதியானா ஏத்தம் ரெண்டு மடங்கு. காத்து வேகம் ரெண்டு மடங்கானா ஏத்தம் நாலு மடங்கு, இதுதான் ஆள ஏமாத்தற எடம், சாயங்காலம் அடிச்ச காத்துக்கு ஒண்ணுமே ஆகலையேன்னு நெனச்சுட்டு படுத்துருவோம்.

கணக்கு போட்டுப் பாத்தேன், ஒரு மதிப்புக்குத்தான். 15 கி.மீ. நீளம், சராசரி 1.2 மீட்டர் ஆழம், காத்து மணிக்கு 43 கி.மீ.ன்னு வெச்சா ரெண்டு கோடிக்கும் மட்ட வித்தியாசம் ஒரு 30 செ.மீ. சில்லறை வருது. அதுல பாதி உங்க பக்கம் ஏத்தம், பாதி தம்பி பக்கம் எறக்கம். காத்து 54-க்கு போயிருந்தா வித்தியாசம் அரை மீட்டர், உங்க பக்கம் 25 செ.மீ. ஒரு சாண்னு சொன்னீங்கல்ல, சரியா வருது பாருங்க.

15, 20 செ.மீ.தானேன்னு நெனைக்காதீங்க. இந்த மாதிரி ஏரிக்கரை தட்டையா கெடக்கும், நூறடிக்கு ஒரு அடி சரிவுகூட இருக்காது. அப்ப 20 செ.மீ. ஏறுனா தண்ணி உள்ள 20 மீட்டருக்கு மேல வரும். நீங்க இருவது அடி தள்ளிப் படுத்திருந்தீங்க.

நண்டுக்கால்:
ஒத்துக்கறேன், ஓதம் இல்ல. தம்பி படகு மேட்டர நான் பாக்காம எழுதிட்டேன். ஆனா ஓதமும் கொஞ்சம் கூட சேந்துருக்கலாம்ல?

அலைக்கோடு:
நாலு விரக்கட சேந்துருக்கலாம் அண்ணே. யாரு வேணாம்னா.

ஈயக்குண்டு, ஒண்ணு சொல்லுங்க. காத்து எப்ப நின்னுச்சு? நின்னப்பறம் தண்ணி ஒரேயடியா எறங்கிச்சா இல்ல எறங்கி திரும்ப ஏறிச்சா? நான் கேக்கறதுக்கு காரணம் இருக்கு, பதில் சொன்னதும் சொல்றேன்.

புதுத்தூண்டி:
குறுக்க வந்ததுக்கு மன்னிக்கணும். நான் இதுக்கு புதுசு. கெளுத்தி முள்ளு குத்துனா என்ன செய்யணும்? போன மாசம் என் ப்ரண்ட்டுக்கு குத்தி அலறிட்டான், நாங்க ஐஸ் வெச்சோம், இன்னும் மோசமாச்சு.

சுழியன்:
ஐஸ் வேணாம் தம்பி, நேர் எதிர். அந்த விஷம் சூட்டுல கெட்டுப் போற புரதம். குத்துன கைய தாங்கற அளவு சூடான தண்ணில வைக்கணும், 45 டிகிரிக்கு மேல போகக் கூடாது, 30-ல இருந்து 90 நிமிஷம், ஆறுனா சூட்ட மாத்திக்கிட்டே இருக்கணும். சூட்ட பாக்கறது நல்ல கையால, குத்துன கையால இல்ல, அது மரத்துப்போய் சூடே தெரியாம வெந்துரும். முள்ளு ஒடஞ்சு உள்ள நின்னாலோ வீக்கம் மேல ஏறுனாலோ மூச்சு வாங்குனாலோ யோசிக்காம ஆஸ்பத்திரி. காட்டு ஏரில போற எவனும் அடுப்பும் ஒரு பாத்திரமும் இல்லாம போகக் கூடாதுன்னு நான் சொல்றது சமையலுக்காக இல்ல, இதுக்காக.

இருங்கெளுத்திக்கு முள்ளு மூணு, முதுகுல ஒண்ணு, ரெண்டு பக்கத்து துடுப்புல ஒண்ணு ஒண்ணு. கையால புடிக்கவே புடிக்காத, குறடால கொக்கிய திருப்பி உதறி விடு. தண்ணில நடக்கறப்ப கால தூக்கி வைக்காம தேச்சுக்கிட்டே போ, திருக்கை இருந்தா ஒதுங்கிடும், மேல மிதிச்சாத்தான் வாலால அடிக்கும்.

ஈயக்குண்டு:
நானும் ஐஸ்தான் வெச்சேன் 🙈 ராத்திரி முழுக்க கை விண்ணு விண்ணுன்னு தெறிச்சுது.

அலைக்கோடு சார், கரெக்டா கேட்டீங்க, எனக்கு இப்பதான் ஒறைக்குது. காத்து 4:30 போல பட்டுனு நின்னுச்சு. நாங்க மேட்டுல ஒக்காந்து நனைஞ்சத பிழிஞ்சுக்கிட்டு இருந்தோம். 6 மணி ஆகறதுக்குள்ள தண்ணி கடகடன்னு எறங்கி குச்சிக்கும் கீழ போயிடுச்சு, நேத்து சாயங்காலம் தண்ணிக்குள்ள இருந்த நண்டு வளையெல்லாம் வெளிய தெரியுது. சரி முடிஞ்சுதுன்னு ஷூவ ஓரத்துல காய வெச்சுட்டு கொஞ்ச நேரம் சாஞ்சேன், 7 மணிக்கு பாத்தா தண்ணி திரும்ப ஷூ கிட்ட நிக்குது. அப்பதான் கூட வந்தவன் பேயின்னு உறுதியே பண்ணிட்டான்.

அலைக்கோடு:
அதான்யா வேணும் எனக்கு!

தாம்பாளத்துல ஊதறத நிறுத்துனா தண்ணி உடனே சமமா நிக்குமா? நிக்காது, அந்தப் பக்கம் போயி மோதி இந்தப் பக்கம் வரும், ஊஞ்சல் மாதிரி. ஏரியும் அப்படித்தான். ஒரு தரம் போயி திரும்பி வர எவ்வளவு நேரம்ங்கறத நீளத்தையும் ஆழத்தையும் வெச்சே சொல்லிடலாம். உங்க ஏரிக்கு போட்டுப் பாத்தா ரெண்டு மணி 25 நிமிஷம் வருது. 4:30-க்கு காத்து நின்னுச்சு, அதுல பாதி நேரம் கழிச்சு, அதாவது 5:45-க்கு உங்க கரைல தண்ணி ரொம்பக் கீழ, 7 மணிக்கு கொஞ்சம் முன்ன திரும்ப மேல. நீங்க கடிகாரம் பாத்து எழுதுன மாதிரியே இருக்கு. ஆழம் கம்மியான ஏரில அடித்தரை உரசி உரசி ரெண்டு மூணு ஆட்டத்துல அடங்கிரும், அதனாலதான் அதுக்கப்பறம் ஒண்ணும் பாத்துருக்க மாட்டீங்க. இது ஓதமா இருந்தா ஏறி எறங்க 12 மணி நேரத்துக்கு மேல ஆகும், ரெண்டரை மணில ஆடாது.

உங்க கூட வந்தவர்கிட்ட சொல்லுங்க, பேய்க்கு ரெண்டரை மணி நேரத்துக்கு ஒருக்கா ஷிப்ட்டுன்னு.

மடவைமன்னன்:
விஞ்ஞானம் எல்லாம் சரி. 5:45-க்கு தண்ணி கடகடன்னு எறங்கறப்ப இந்த மனுசன் துணி பிழிஞ்சுக்கிட்டு இருந்துருக்காரு, அத யாரும் கேக்க மாட்டீங்களா? அந்த ஓடை வாய்ல தண்ணி வடியறப்பதான்யா கொடுவா வந்து நிக்கும். ஓடைக்குள்ள இருக்கற இறால், மடவைக் குஞ்சு எல்லாம் தண்ணியோட வெளிய வந்தே ஆகணும், அது வாயத் தொறந்துட்டு நின்னா போதும். முந்தின நாள் சாயங்காலம் நீங்க புடிச்சதும் அப்படித்தானே, தண்ணி எறங்கறப்பதானே?

ஈயக்குண்டு:
ஆமா தல. ஓடைத் தண்ணி காப்பிக் கலரு, ஏரித் தண்ணி பச்சை, ரெண்டும் சேர்ற எடத்துல கோடு போட்ட மாதிரி நுரை நிக்குது. அந்தக் கோட்டுல போட்டேன். மொத ரெண்டு தரம் மடவைக் குஞ்சு சும்மா நீந்துச்சு. மூணாவது தரம் குஞ்சு திடீர்னு தண்ணிக்கு மேல துள்ளுது, பயந்து ஓடற துள்ளல், லைன் தொளதொளன்னு ஆகுது, அடியில என்னமோ "டப்"புன்னு கதவ சாத்துன மாதிரி ஒரு சத்தம். அவ்வளவுதான், ரீல் கத்த ஆரம்பிச்சுடுச்சு. மூணு தடவ தண்ணிக்கு மேல வந்து தலைய உதறுச்சு, சாயங்கால வெளிச்சத்துல கண்ணு செகப்பா கனல் மாதிரி. கரைக்கு இழுத்தப்பறம் செவுள் மூடிய புடிச்சு தூக்கப் போனேன், அது பிளேடு, ரெண்டு விரலும் கிழிஞ்சுது. கெளுத்தி குத்துன கை வேற.

மடவைமன்னன்:
சரி நம்பறேன். அந்த "டப்பு" சத்தம் கேக்காதவன் எழுத முடியாது. ஆனா ஏன் விட்ட, அத சொல்லு. ஆயுசுக்கு ஒருக்கா கெடைக்கற மீனு.

நண்டுக்கால்:
அவர் செஞ்சது சரி. கொடுவா பொறக்கறப்ப ஆணா வளரும், சில வருஷம் ஆணா இருந்துட்டு அப்பறம் பொண்ணா மாறிடும். 80, 90 செ.மீ. தாண்டுன மீனு பெரும்பாலும் பொண்ணு, ஒரு பருவத்துக்கு லட்சக்கணக்குல முட்ட போடும். பெருசா பாத்து பாத்து எடுத்தா ஏரில வெறும் ஆம்பளைப் பசங்கதான் மிச்சம். குடும்பத்துக்கு வேணும்னா நடு சைஸ் எடுக்கலாம், அதுவும் அந்தந்த எடத்துல அளவுக்கும் காலத்துக்கும் என்ன சட்டமோ அதப் பாத்துட்டு.

கொடுவா முட்ட போடறது உப்புத்தண்ணில, வாய்கிட்ட. குஞ்சு உள்ள சதுப்புக்கு வந்து வளரும். அதனால வாய் அடைஞ்சா கொடுவா இல்ல, இறாலும் இல்ல. ஒடிசால இருக்கற சில்கா ஏரில பழைய வாய் மணல் அடைச்சு உப்பு கொறஞ்சு பாசியும் களையும் மண்டி மீன் வரத்து படுத்துருச்சு, 2000 செப்டம்பர்ல புதுசா ஒரு வாய வெட்டி விட்டாங்க, அதுக்கப்பறம்தான் மீன் திரும்புச்சு. ஆபத்துல இருக்கற ஈரநிலப் பட்டியல்ல இருந்து 2002-ல அத எடுத்தாங்க.

மடவைமன்னன்:
ஆம்பளையா இருந்து பொண்ணா மாறுதா? இருவது வருசமா தூண்டில் போடறேன், இன்னிக்குத்தான் கேள்விப்படறேன். சரி, ஈயக்குண்டு மேல இருந்த கேஸ வாபஸ் வாங்கிக்கறேன்.

என் பேரு மடவைமன்னன்னு வெச்சதுக்கு ஒரு மடவைச் சங்கதி சொல்லிட்டுப் போறேன். பிரேசில்ல லகுனான்னு ஒரு ஊரு, அங்க கடலோர ஏரி வாய்ல மீனவங்க வீச்சு வலையோட வரிசையா தண்ணில நிப்பாங்க, ஓங்கில் (டால்பின்) வந்து மடவைக் கூட்டத்த அவங்க பக்கம் வெரட்டும், ஒரு மாதிரி முங்கி சைகை காட்டும், அப்ப வலைய வீசுவாங்க. சிதறி ஓடற மடவைய அது தின்னுக்கும். தலைமொறை தலைமொறையா நடக்குது. நமக்கு கெடைக்கறது கெளுத்தி.

புதுத்தூண்டி:
அப்ப டென்ட் எங்கதான் போடணும்? காத்து எப்ப மாறும்னு எப்படி தெரியும்?

அலைக்கோடு:
காத்து மாறும்னு வெச்சுக்கிட்டே எடம் பாக்கணும். காஞ்ச பாசி, குச்சி, சிப்பி எல்லாம் கரைல கோடு கோடா ஒதுங்கிக் கெடக்கும் பாரு. தண்ணிகிட்ட இருக்கற கோடு நேத்தைய ஓதம், அத நம்பாத. இன்னும் மேல போனா பழசா வெளுத்துப் போன ஒரு கோடு இருக்கும், அதுதான் காத்து கொண்டு வந்து போட்டது. அதுக்கும் மேல படு. இன்னொரு அடையாளம் உமரிச் செடி. கொழகொழன்னு தண்டு, உப்பா இருக்கும், அது மொளைச்ச எடம் மெத்துனு படுக்க சுகமாத்தான் இருக்கும், ஆனா உப்புத்தண்ணி வந்து போகாத எடத்துல அது அப்படி மண்டாது. ஈயக்குண்டு, நீங்க எதுல படுத்தீங்க?

ஈயக்குண்டு:
...மெத்துனு இருந்துச்சு சார்.

சுழியன்:
😂😂

புதுத்தூண்டி, மணல்ல டென்ட் ஆணி நிக்காது, அதையும் கேட்டுக்க. ஒரு பைல மணல ரொப்பி கயித்த கட்டி முழங்கை ஆழத்துக்கு பொதச்சு மேல மிதிச்சு விடு. பை இல்லைன்னா ஒரு கட்டைய நடுவுல கட்டி படுக்க வெச்சு பொதைக்கலாம், செங்குத்தா இல்ல, படுக்க. வாசல் காத்துக்கு முதுக காட்டணும். கொசுவ பத்தி கேக்காத, அதுக்கு ஒரு வழியும் இல்ல, காத்து இருந்தா கொசு இல்ல, கொசு இல்லைன்னா தண்ணி வரும், எது வேணும்னு நீயே முடிவு பண்ணிக்க.

சேத்துக்கால்:
இந்த இழைக்காகவே அக்கவுண்ட் தொறந்தேன். வடக்குக் கோடில இருந்த அந்தத் தம்பி நான்தான். அண்ணன் எல்லாம் சரியா எழுதியிருக்காரு, ரெண்டே திருத்தம். ஒண்ணு, தண்ணி நூறடி தள்ளி இல்ல, எறநூறு இருக்கும், நான் நடந்து பாத்தேன். நடந்தேன்னு சொல்லக் கூடாது, மொத பத்தடிலயே இடுப்பு வரைக்கும் எறங்கிட்டேன், மல்லாக்க படுத்து துடுப்ப குறுக்க போட்டு அத புடிச்சு ஊர்ந்து வந்தேன். ரெண்டாவது, படகு தானா மெதக்குற வரைக்கும் நான் காத்திருந்ததா அண்ணன் எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இருக்காரு. காத்திருக்கல, நான் அத தள்ளிக்கிட்டே இருந்தேன். அது பாட்டுக்கு மெதந்து போயிடுச்சு, ஆள விட்டுட்டு. அலைக்கோடு சார் கணக்குப்படி அது 5:45-ங்களா? அப்ப எங்க பக்கம்தானே தண்ணி ஏறியிருக்கணும்?

அலைக்கோடு:
ஆமா தம்பி, அவங்க பக்கம் எறங்கறப்ப உங்க பக்கம் ஏறும். படகு கெடைச்சுதா?

சேத்துக்கால்:
கெடைச்சுது சார். 7 மணிக்கு திரும்ப சேத்துல ஒக்காந்துருந்துச்சு.